கீறல் கட்சி

டெரிக்கை எத்திராஜுலு கடைசியாக உயிரோடு பார்த்தது, உயிரோடு இருக்கிறோம் என்று காட்டுவதற்காக இருவரும் போய் நின்ற வரிசையில்தான். நவம்பர் மாதம், பெரம்பூரில் ஒரு பாங்க், ரயில்வே பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வந்து மெஷினில் விரல் வைத்துவிட்டுப் போகிற சமயம். டெரிக்குக்குப் பின்னால் ஒரு அம்மா, அந்த அம்மாவுக்குப் பின்னால் எத்திராஜுலு. பிடரியைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. தோள்வரைக்கும் விட்ட வெள்ளை முடி, அதற்கு ஒரு ரப்பர் பாண்டு. எழுபதைத் தாண்டியவன் எவனாவது தலைக்கு ரப்பர் பாண்டு போடுவானா. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார், நான் ஏன் போக வேண்டும் என்று நின்றுவிட்டார். மெஷின் டெரிக்கின் விரலை எடுக்கவில்லை. ஒரு விரல், அடுத்த விரல், சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும். "ரேகையே இல்லையே சார்" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். "கிட்டார் தின்னுடுச்சும்மா. அம்பது வருசமாத் தின்னுது" என்று பாங்க் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான் டெரிக். வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். எப்போதும் இப்படித்தான், எங்கே நின்றாலும் அந்த இடத்தை மேடையாக்கிவிடுவான். சிரித்தவர்களைப் பார்க்கத் திரும்பியவன் எத்திராஜுலுவைப் பார்த்துவிட்டான். "எத்தி! இன்னா மேன், நீயும் இன்னும் கீறியா?" எத்திராஜுலு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "அந்த நடுக் கண்றாவிய இன்னும் வாசிச்சிக்கினுதான் கீறியா, இல்ல வுட்டுட்டியா?" நடுவில் நின்ற அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் டெரிக்கின் வலது கைச் சுண்டு விரலை மெஷின் ஏற்றுக்கொண்டது. "நான் உயிரோட கீறேன்னு கவுருமெண்டே ஒத்துக்கிச்சு. இனிமே உன் இஸ்டம் மேன்" என்று தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். பொங்கலுக்கு முன்னாலேயே செத்துப்போனான். சொல்லியிருக்க வேண்டிய பதில் எத்திராஜுலுவுக்கு அன்று சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தபோது வந்தது. அதைவிட நல்ல பதில் மறுநாள் வந்தது. இன்று வரைக்கும் வந்துகொண்டே இருக்கிறது.

இப்போது அதே மூஞ்சி, ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலில் அஞ்சலிக் கச்சேரி மேடைக்குப் பின்னால் பேனரில் ஆள் உயரத்துக்குத் தொங்குகிறது. கீழே பெரிய எழுத்தில் லெஜண்ட் என்று போட்டிருக்கிறார்கள். லெஜண்டாம். லோகோ ஒர்க்ஸில் ஸ்டோர்ஸ் கிளார்க், மதியம் சாப்பிட்டுவிட்டு மேஜைமேல் தலை வைத்துத் தூங்குகிறவன். மூன்றாவது வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில், முழங்கால்களுக்கு நடுவே கிட்டார் பெட்டியை நிறுத்திவைத்துக்கொண்டு எத்திராஜுலு உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்கால வெயில் மேல் ஜன்னல் வழியாக விழுந்து, மேடையில் கத்திக்கொண்டிருந்த காலேஜ் பையன்களின் காலடியில் கிடந்தது. சுற்றிலும் கறுப்பு டீ-ஷர்ட். எல்லார் வயிற்றின் மேலும் ஒரே கொக்கு, சால்ட்மார்ஷ் கிங்ஸ் என்ற பாண்டின் கொக்கு. வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு போனதில் கொக்கு வாத்தாகியிருந்தது. இங்கிலாந்தில் நாலு பேர் தாடி வளர்த்துக்கொண்டு பாடினார்கள், அந்த நாலு பேரில் மூன்று பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அவர்கள் பெரம்பூர் என்று ஒரு ஊர் இருப்பதைக் கேள்விப்பட்டதுகூடக் கிடையாது. இங்கே இவர்கள் அவர்கள் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறார்கள். அவர் மட்டும் என்ன. அவரும் வெட்டியவர்தான். ஆனால் அவர் அந்தப் பாட்டைத் தெரிந்து நேசித்தவர், இவர்கள் தெரியாமல் நேசித்தவர்கள். இந்த வித்தியாசத்தை இந்த ஹாலில் எவனுக்கும் விளக்க முடியாது. இன்றைக்கு விளக்கப் போவதில்லை, வாசிக்கப் போகிறார். கடைசி உருப்படி பெரிய பாட்டு. அதில் சோலோ அவர். நடுப்பகுதியை, இந்த ஊர் ஒருநாளும் வாசிக்க விடாத நடுப்பகுதியை, ஒரு சுரம் விடாமல் முழுசாக, செத்தவன் படத்துக்கு நேர் எதிரில் வாசிக்கப் போகிறார். அதற்காகத்தான் வந்திருக்கிறார். அஞ்சலி செலுத்துகிறவர்கள் செலுத்தட்டும்.

பெரிய பாட்டுக்கு இங்கிலீஷில் வேறு பெயர் உண்டு. பெரம்பூரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள். ரிக்கார்டின் ஒரு பக்கத்தில் பாதியை அந்த ஒரு பாட்டே அடைத்துக்கொண்டிருந்ததால் பெரிய பாட்டு. டெரிக்கின் மாமா ஒருத்தர் கப்பலில் வேலை பார்த்தார், அவர் கொண்டுவந்து கொடுத்த ரிக்கார்டு. ஊரிலேயே அது ஒன்றுதான். ரயில்வே குவார்ட்டர்ஸில் டெரிக் வீட்டு முன்னறையில் அது சுற்றும், ஜன்னலுக்கு வெளியே சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு எத்திராஜுலு நிற்பார். கோச் ஃபாக்டரியில் எலக்ட்ரீஷியன், கையில் டிபன் காரியர், காதில் அந்தப் பாட்டு. உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்க டெரிக்குக்கு ஒரு வருஷம் பிடித்தது, அதுவும் அவர்கள் வீட்டு ஆம்ப்ளிஃபயர் புகைந்துபோனதால்தான். சாலிடரிங் அயர்னை எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்து கொடுத்தார். கிட்டாரை யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டு, விரல் வெடித்து, தானே பிடித்துக்கொண்டது. ஊரில் ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் வெற்று காசெட் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்து டெரிக்கிடம் பாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அத்தனை காசெட்டிலும் அந்த ரிக்கார்டின் கீறல் இருந்தது. மூன்று சரணம் முடிந்து, கிட்டார் தனியாகக் கிளம்பி, படி ஏறுகிற மாதிரி ஒவ்வொன்றாக ஏறி, உச்சியில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அங்கே ஊசி டக்கென்று தாவும். தாவிய இடத்தில் கடைசிச் சரணம். ஏறியது இறங்கவே இறங்காது. அப்படித்தான் பாட்டு என்று பெரம்பூர் நம்பியது. அயனாவரம் நம்பியது. வில்லிவாக்கத்திலிருந்து வந்து காசெட் பிடித்துக்கொண்டு போனவர்களும் நம்பினார்கள். மேடையில் வாசிக்கும்போதும் அந்த இடத்தில் தாவினார்கள், தாவுகிற கணத்தில் ஹால் முழுக்க வலது காலைத் தூக்கித் தேக்கு மரத் தரையில் ஒரே மிதி. ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும். வெளியூரிலிருந்து வந்த ஒருவன் மிதிக்கத் தெரியாமல் நின்றால் அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். எத்திராஜுலுவும் மிதித்திருக்கிறார். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னால் ஒருநாள், அங்கே பழைய ரிக்கார்டு விற்கிறவரிடம் அதே ரிக்கார்டு, கொக்குப் படம் போட்ட உறையோடு இருந்தது. கடைக்காரர் போட்டுக் காட்டினார். ஏறியது, உச்சியில் நின்றது. எத்திராஜுலுவின் கால் தானாக எழும்பியது. தாவவில்லை. மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொள்ள, கிட்டார் மட்டும் அந்த உச்சியிலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது, யாரும் இல்லாத வீட்டில் ஒருத்தர் அறை அறையாகப் போய் விளக்கை அணைக்கிற மாதிரி. மார்க்கெட் இரைச்சல் காதில் விழவில்லை. தூக்கிய காலை எப்போது கீழே வைத்தார் என்றும் தெரியவில்லை. இவ்வளவு நாளாக இது இருந்திருக்கிறது, நமக்குத்தான் காட்டவில்லை. வாங்கிக்கொண்டு நேராக டெரிக் வீட்டுக்குத்தான் போனார், தன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. சந்தோஷத்தோடுதான் போனார், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. டெரிக் முழுசும் கேட்டான். சிகரெட்டை அணைத்தான். "தப்பு ரிக்கார்டு மேன் இது" என்றான். எது தப்பு? கம்பெனி போட்ட ரிக்கார்டு தப்பு, உன் வீட்டுக் கீறல் சரியா? "ஆமா. இதுல நடுவுல எவனோ தூங்கிட்டான். நம்மளுது சோக்கா கீது." அன்றைக்குப் பிரிந்ததுதான். அப்புறம் சி.டி. வந்தது, போனில் பாட்டு வந்தது, சின்னப் பிள்ளைகூட ஒரிஜினலைக் கேட்கலாம் என்று ஆனது, அப்போதும் பெரம்பூர் மாறவில்லை. கேட்டுவிட்டு, ஓகோ, அவங்க இப்டி வாசிக்கிறாங்களா என்று கேட்டார்கள். இரண்டு கட்சி ஆனது. கீறல் கட்சி, முழுக் கட்சி. முழுக் கட்சியில் ஒரு காலத்தில் ஒரு கைவிரல்களால் எண்ணுகிற அளவுக்கு ஆள் இருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போனவர்கள் போக, செத்தவர்கள் போக, மிச்சம் எத்திராஜுலு. அந்தக் கீறல் தானாக விழுந்ததில்லை என்பது அவருடைய தீர்மானம். டெரிக்குக்கு நடுப்பகுதி வாசிக்க வராது. விரலை நீட்டிப் பிடிக்கிற பொறுமை அவனுக்குக் கிடையாது. வராததை இல்லை என்று ஆக்கிவிட்டான். காம்பஸ் முனையோ, குண்டூசியோ வைத்துக் கீறியிருக்கிறான். இப்படி ஒருத்தன் செய்வானா என்று நியாயமான மனம் கேட்கும், இவன் செய்வான் என்று அதற்கு அவர் பதில் சொல்வார், எதற்குச் செய்வான் என்று அது திரும்பக் கேட்கும், ஸ்டோர்ஸ் கிளார்க் லெஜண்ட் ஆவதற்கு என்பார். இந்தப் பேச்சு பல் தேய்க்கும்போது நடக்கும், ரேஷன் கடை வரிசையில் நடக்கும், மனைவி வத்சலா இருந்தபோது அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டும் நடந்தது.

வத்சலா. இந்த ஹாலில் அவள் பெயர் நினைவுக்கு வரக் கூடாது என்று வரும்போதே நினைத்துக்கொண்டுதான் வந்தார். இதே ஹால்தான், இடது பக்கம் அந்தத் தூண் பக்கத்தில்தான் பெண்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். கிறிஸ்துமஸ் டான்ஸ். கடைசியாக ஒருமுறை சேர்ந்து வாசிக்கலாம் என்று டெரிக்தான் ஆள் அனுப்பியிருந்தான். அன்று தாவப் போவதில்லை என்று எத்திராஜுலு யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் வத்சலாவுக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும், ஒற்றை அறை வீட்டில் ஆறு மாசமாக நடுப்பகுதியைத்தானே வாசித்துக்கொண்டிருந்தார். மேடையில் ஏறினார், உச்சியில் நின்றார், ஹால் மிதித்தது. அவர் தாவாமல் இறங்கினார். டெரிக் தாவிக் கடைசிச் சரணத்தைப் பாட ஆரம்பித்தான், டிரம்ஸ் அவனோடு போனது, பேஸ் அவனோடு போனது, எத்திராஜுலு மட்டும் தனியாகப் பின்னால் வாசித்துக்கொண்டிருந்தார். "எத்தி, டிரெயின் போயிடுச்சு மேன், எறங்கு!" என்று எவனோ கத்தினான். கூட்டம் அப்படிச் சிரித்தது. கடலை மடித்த காகிதம் ஒன்று வந்து கிட்டாரில் பட்டு விழுந்தது. அதெல்லாம் ஒன்றுமில்லை. அதெல்லாம் எதிரிகள் செய்கிற வேலை. உச்சியில் நின்றபோது, இறங்குவதற்கு ஒரு மூச்சுக்கு முன்னால், அவர் தூண் பக்கம் பார்த்திருந்தார். பச்சைப் புடவையில், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் சிரிப்பாக, வத்சலா மிதித்தாள். தெரிந்தே மிதித்தாள். அவர் தாவப் போவதில்லை என்று அந்த ஹாலில் தெரிந்த ஒரே ஆள். வீட்டுக்கு நடந்தே போனார்கள். அவள் தயிர் சாதம் பிசைந்து கொடுத்தாள், சாப்பிட்டார். அப்புறம் எத்தனையோ வருஷம் குடும்பம் நடத்தினார்கள், பிள்ளை இல்லை என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார்கள், அவளுக்குக் கிட்னி போய் வாரத்துக்கு இரண்டு தடவை மெஷினில் படுத்தாள், பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் நினைத்தது, ஏண்டி மிதிச்சே. கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எதை மிதிச்சேன் என்று அவள் கேட்டிருப்பாள். அப்படி ஒரு விஷயத்தைச் சுமக்கிறவன் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. அல்லது தெரியுமோ. அதற்கும் ஒரு கோபம் வந்தது. செத்தவர்கள் இரண்டு பேரும் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள், கீறல் கட்சிக்கு ஆள் கூடிக்கொண்டே போகிறது.

மோதிர விரலை மடக்கிப் பார்த்தார். மடங்கியது. விரித்தபோது பாதியில் சிக்கிக்கொண்டு, டொக்கென்று விட்டது. காலையில் வெந்நீரில் வைத்துப் பார்த்தாகிவிட்டது. ஊசி போட்டால் சரியாகும் என்றார் டாக்டர், போடுகிற நாளைத் தள்ளிக்கொண்டே வந்தார். இறங்குகிற இடத்தில் மூன்றாவது கம்பியில் மோதிர விரல்தான் நிற்க வேண்டும், மற்ற இரண்டும் அதைச் சுற்றிப் போய்வரும். அது சிக்கினால்? சிக்கினால் இந்த வாத்து வயிறுகள் சிரிக்கும், பேனரில் இருக்கிறவன் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருக்கிறான். பயம் வயிற்றில் இல்லை, விரல் கணுவில் இருந்தது, ஒரு சின்னக் குண்டு மாதிரி. கென்னத் குனிந்து காதோரம் பேசினான். டெரிக்கின் தங்கை மகன், இன்றைக்கு எல்லா ஏற்பாடும் அவன்தான், பாடப் போகிறவனும் அவன்தான். "அங்கிள், அடுத்து ரெண்டு ஐட்டம், அப்புறம் நம்மதான். தண்ணி எதாவது வேணுமா?" வேண்டாம். "அந்த எடத்துல நான் உங்கள ஒரு பார்வ பாப்பேன் அங்கிள். நீங்க தலைய ஆட்டுனீங்கன்னா ஜம்ப் பண்ணிடலாம். டெரிக் அங்கிள் அப்டித்தான் பண்ணுவாரு." "எனக்குத் தெரியும்பா அவன் எப்டிப் பண்ணுவான்னு." "அதுக்கில்ல அங்கிள். எல்லாரும் அந்த மிதிக்காகத்தான் வந்திருக்காங்க." சிரித்துவிட்டுப் போனான். நல்ல பையன்தான், மாமன் மூக்கு அப்படியே இருக்கிறது. நான் வாசிப்பதற்காக யாரும் வரவில்லை, சரி, மிதிப்பதற்கு வந்திருக்கிறீர்கள், மிதியுங்கள். மிதித்துவிட்டுக் காலைத் தரையில் வைத்துக்கொண்டு காத்திருங்கள். இறங்குகிறதைக் கேளுங்கள். ஒரு தடவையாவது இந்த ஊர் இறங்கட்டும்.

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு யாரோ பெருமூச்சோடு உட்கார்ந்தார்கள். நோரீன், டெரிக்கின் மனைவி. கறுப்புக் கவுன், கையில் ஒரு பேப்பர் தட்டில் கட்லெட். "தின்னு எத்தி. பின்னாடி மஞ்சச் சோறும் உருண்டக் குழம்பும் போட்டிருக்காங்க, நீ மேடைலேர்ந்து எறங்கறதுக்குள்ள இவனுங்க துடைச்சிருவானுங்க." அவர் கட்லெட்டைக் கையில் வாங்கிக்கொண்டார், தின்னவில்லை. துக்கம் கேட்க அவர் போகவில்லை, அதை அவள் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் பேனரைப் பார்த்தாள். "பாரு மூஞ்சிய. வீட்டுல ஒரு நாளு இப்டிச் சிரிச்சதில்ல." "நீ நடுவு வாசிக்கப் போறியா?" என்று கேட்டாள். எத்திராஜுலு கிட்டார் பெட்டியை முழங்கால்களால் இறுக்கிக்கொண்டார். "கென்னத்துதான் பயந்துக்கினு கீறான். வாசி மேன். அந்தக் கீறலக் கேட்டுக் கேட்டு எனக்கு உசிரே வெறுத்துப்போச்சு. கல்யாண நாளுக்கு டக்கு, ஈஸ்டருக்கு டக்கு, ஃபியூனரலுக்குக்கூட அதத்தான் போட்டானுங்க. கல்லறைல நின்னுக்கினு மிதிச்சானுங்க, ஃபாதர் பயந்துட்டாரு." அவருக்குச் சிரிப்பு வந்தது, வரவிடாமல் பார்த்துக்கொண்டார். "அவன் போட்ட கீறல்தானே" என்றார். ஐம்பது வருஷமாக வைத்திருந்த வார்த்தை, இவ்வளவு சாதாரணமாக வாயிலிருந்து விழுந்துவிட்டது. "யாரு?" "டெரிக்." "அவன் எங்க போட்டான். நான்தான். கல்யாணம் ஆகி வந்த புதுசு. அந்த ரூம்ல ஆடினு இருந்தேன், இடுப்பால ஒரு இடி, டேபிளே ஆடிப்போச்சு. ரிக்கார்டு கீறிப்போச்சுன்னு தெரிஞ்சா அவன் அம்மா என்னைத் தின்னிருக்கும். நான் ஒரே அழுக. இவன் இன்னா பண்ணான், மறுபடி போட்டான். அந்த எடம் வந்துச்சு, டக்கு, ஓங்கித் தரைல ஒரு மிதி மிதிச்சான். பாரு நோரீன், இப்பதான் சோக்கா கீதுன்னான். மறுபடி போட்டான், மறுபடி மிதிச்சான், நானும் மிதிச்சேன். அப்றம் வந்தவன் போனவன்லாம் மிதிக்க ஆரம்பிச்சிட்டான். உனக்குத் தெரியாதா? நான் தெரியும்னு இல்ல நெனச்சினு இருந்தேன்." காலித் தட்டை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து, வந்தவர்களைக் கவனிக்கப் போய்விட்டாள்.

குண்டூசி இல்லை, காம்பஸ் இல்லை. ஒரு பெண் ஆடினாள், இடுப்பு இடித்தது. எத்திராஜுலு அந்தக் கட்லெட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எண்ணெய் விரலில் ஏறுகிறது, கம்பி வழுக்கும், துடைக்க வேண்டும் என்று ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. ஆக, அவன் அதை மறைக்கத்தான் செய்தான். தனக்காக இல்லை, அவளுக்காக. இதை என்னிடம் சொல்லியிருக்கலாம் அல்லவா? ரிக்கார்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேனே, அன்றைக்கு நோரீன் உள்ளே காபி கலந்துகொண்டிருந்தாள், அதனால்தான் தப்பு ரிக்கார்டு என்றானா? சொல்லியிருந்தால் நான் புரிந்துகொண்டிருப்பேனே. புரிந்துகொண்டிருப்பேனா? அவள் காதில் விழுகிற மாதிரி, பாருங்கள் உங்கள் ரிக்கார்டில் எவ்வளவு போயிருக்கிறது என்று இன்னொரு தடவை போட்டுக் காட்டியிருப்பேன். அது அவனுக்குத் தெரியும். எவ்வளவு கேவலமாக என்னைத் தெரிந்து வைத்திருந்தான். வெறுப்பு போகவில்லை, அதுதான் வேடிக்கை. காரணம் போய்விட்டது, வெறுப்பு அப்படியே நின்றது, அடியில் நாற்காலியை உருவிக்கொண்ட பிறகும் உட்கார்ந்த நிலையிலேயே நிற்கிற ஆள் மாதிரி. அவன், பெண்டாட்டி அழுதாள் என்று ஒரு ஊரையே மிதிக்கவைத்தவன். நான், சிரித்தாள் என்று ஒருத்தியை ஆயுசுக்கும் மன்னிக்காதவன். இல்லை, அப்படிப் பார்க்கக் கூடாது, அது வேறு இது வேறு. பாட்டு என்று ஒன்று இருக்கிறது. செய்தவன் ஒரு மாதிரி செய்து வைத்திருக்கிறான், அதைக் குறைக்க நமக்கு என்ன உரிமை? நல்ல கேள்வி. அவர் வாழ்க்கை முழுக்கக் கேட்ட நல்ல கேள்வி. மைக்கில் அவர் பெயரைச் சொன்னார்கள். கைதட்டினார்கள். இவ்வளவு கைதட்டுவார்கள் என்று அவர் நினைத்திருக்கவில்லை, அதுவும் எரிச்சலாக இருந்தது. கட்லெட்டை வைக்க இடம் தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியைத் திறந்து, கையைத் துடைத்துக்கொண்டு ஏறினார்.

முதல் சரணத்தை கென்னத் நன்றாகவே பாடினான், மாமன் அளவுக்கு இல்லை. அப்படி நினைத்ததை எத்திராஜுலு உடனே திரும்ப வாங்கிக்கொண்டார். இரண்டாவது, மூன்றாவது. கிட்டார் தனியாகக் கிளம்பியது. விரல்கள் படி ஏறின, விரலுக்கு வயதில்லை, கணுவுக்குத்தான் வயது. உச்சி. நின்றார். கென்னத் அந்தப் பார்வையைப் பார்த்தான். எத்திராஜுலு தலையை ஆட்டவில்லை. ஹால் மிதித்தது. தரையின் அதிர்வு மேடைக் கட்டைகள் வழியாக ஏறி உள்ளங்காலில் வந்து மோதியது, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, சூடாக. அவர் இறங்கினார். கென்னத் கடைசிச் சரணத்தின் முதல் வரியைப் பாடிவிட்டு, அவரைப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டான். டிரம்ஸ் கொஞ்ச தூரம் போய்த் தடுமாறி நின்றது. யாரும் கத்தவில்லை. காகிதம் வரவில்லை. எத்திராஜுலு அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார், அது வந்திருந்தால் தாங்கியிருப்பார். கூட்டம் மரியாதையாக உட்கார்ந்திருந்தது. ஒருத்தர் இருமினார். பின் வரிசையில் ஒரு நாற்காலி இழுபட்டது, சாப்பாட்டுப் பக்கம் ஆள் போகிற சத்தம். மூன்றாவது கம்பியில் மோதிர விரல் சிக்கியது. அவர் சுண்டு விரலை நீட்டிப் பிடித்தார், ஒரு சுரம் விழுந்தது, இன்னொன்று பாதி விழுந்தது, யாருக்கும் தெரியவில்லை. தெரியாதுதான். யாருக்குத் தெரியும். இந்த இறக்கத்தை முழுசாகக் கேட்டவள் ஒருத்தி இருந்தாள், தினமும் சாயங்காலம், அரிசி களைந்துகொண்டு, துணி மடித்துக்கொண்டு, கடைசிக் காலத்தில் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு. ஒருநாள் அப்படிப் படுத்தவாக்கில் சொன்னாள். "ஏங்க, இதுவும் நல்லாத்தான் இருக்குது. ஆனா இதுல எனக்கு ஒரு வேலையும் இல்லையே. அதுல அந்த எடம் வரும்போது நானும் ஒரு மிதி மிதிப்பேன். அந்த ஒரு மிதி நேரம் நானும் உங்க பாட்டுல இருப்பேன்." உனக்கு மியூசிக் தெரியாது என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு மேலே வாசித்தார். அவளும் மேலே கேட்டாள். எப்படி மறந்துபோனது இது, ஏண்டி மிதிச்சே என்று கேட்காமலே அவள் பதில் சொல்லி வைத்திருக்கிறாள், அதைத் தூக்கி எங்கே போட்டேன். கை இறங்கிக்கொண்டிருந்தது. அழகாகத்தான் இறங்கியது. அறை அறையாக விளக்கு அணைந்தது, அந்த வீட்டில் ஒருத்தரும் இல்லை. தூண் பக்கம் பார்த்தார், அங்கே பேனருக்குக் கட்டிய கயிற்றின் நுனி தொங்கியது. நிறுத்தத் தோன்றியது, நிறுத்தவும் தெரியவில்லை. கடைசிச் சுரத்தை அது தானாக அடங்கும்வரை விட்டுவிட்டுக் கம்பிமேல் கையை வைத்தார். கைதட்டலாமா என்று ஹாலுக்குத் தெரியவில்லை. கென்னத் மைக்குக்கு முன்னால் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். நோரீன் கதவுப் பக்கம் கரண்டியும் கையுமாக நின்றாள். பாட்டில் இன்னும் கடைசிச் சரணம் மிச்சம் இருந்தது.